உபகாரச் சம்பளம் கை நழுவியதா? முதலில் அப்பாவின் வருமானக் காகிதத்தைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: பினாங்கில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு புக்கிட் மெர்தாஜாமில். அப்பா லோரி ஓட்டுகிறார்; டிரிப் கணக்கில் சம்பளம், சம்பளச் சீட்டு கிடையாது. அம்மா வீட்டில் நாசி லெமாக் கட்டிக் கடைகளுக்குப் போடுகிறார். தம்பிகள் இருவர் பள்ளியில். பி.டி.பி.டி.என் (தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்) கல்விக் கடன் எடுத்திருக்கிறேன். சென்ற ஆண்டு மூன்று உபகாரச் சம்பளங்களுக்கு மனு செய்தேன். ஒன்று 'ஆவணம் முழுமையில்லை' என்று திரும்பியது, மற்ற இரண்டுக்கும் பதிலே இல்லை. சனி, ஞாயிறு ஒரு கடையில் மணிக்கு 7 வெள்ளி (ரிங்கிட்) வீதம் மொத்தம் 16 மணி நேரம் வேலை செய்கிறேன். முதல் இரண்டு செமஸ்டரிலும் 4.00-க்கு 3.60 புள்ளி எடுத்தேன், மூன்றாவதில் 2.90 ஆகிவிட்டது. உபகாரச் சம்பளம் கிடைத்தால் கடனை நிறுத்த வேண்டுமா? ஆராய்ச்சி செய்ய ஆசை. அதற்குப் பணம் யார் தருவார்கள்? மாணவர் விவகாரப் பிரிவில் போய் உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது. பேசாமல் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் மனு திரும்பியதற்குக் காரணம் உங்கள் புள்ளியாக இருக்க வாய்ப்பு குறைவு. 3.60 எடுத்த, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளையின் மனு முதல் சுற்றிலேயே விழுகிறதென்றால் பெரும்பாலும் வருமானச் சான்றில்தான் கோளாறு இருக்கும். மனுக்களைப் பிரிப்பவர்கள் முதலில் கட்டுரையைப் படிப்பதில்லை. பாரத்தில் எழுதிய வருமானமும் இணைத்த காகிதமும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். ஒத்துப்போகாத மனுவை ஒதுக்கிவிடுவார்கள், யாரும் போன் செய்து விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆகவே புது மனு எதையும் தொடும் முன் இதை முடியுங்கள்.

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்கிறீர்கள். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பிடிக்கிறார்களா என்று எழுதவில்லை. பிடித்தால் அந்த அறிக்கைதான் மிக வலுவான சான்று. மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்குள் இருப்பவருக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. ஆக, சந்தாவைப் பார்த்தே சம்பளத்தைக் கணக்கிட்டுவிடலாம், உதவி தருகிறவர்களும் அப்படித்தான் கணக்கிடுவார்கள். இதில் ஒரு சிக்கல் வரும். லோரி கம்பெனிகள் சில அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சந்தா கட்டிவிட்டு, டிரிப் பணத்தைக் கையில் கொடுக்கும். அப்போது அறிக்கை 1,700 வெள்ளி என்று காட்டும், அப்பா வீட்டுக்குக் கொண்டு வருவதோ 2,400 ஆக இருக்கும். நீங்கள் எந்த எண்ணை எழுதினாலும் இன்னொன்று முரண்படும். உண்மையான மொத்தத்தை எழுதி, வித்தியாசம் ஏன் என்று இரண்டு வரியில் ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள். மறைத்து எழுதிய 1,700-ஐவிட, விளக்கத்தோடு எழுதிய 2,400 எவ்வளவோ மேல்.

டிரிப் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். நல்ல மாதம் ஒன்றையோ மோசமான மாதம் ஒன்றையோ எடுத்து எழுதாதீர்கள், ஆறு மாதச் சராசரியை எழுதுங்கள். உதாரணத்துக்கு ஆறு மாத வருமானம் 2,300, 2,650, 1,900, 2,800, 2,450, 2,300 என்றால் கூட்டுத்தொகை 14,400, சராசரி 2,400 வெள்ளி. லோரிக்கான தவணையோ வீட்டு வாடகையோ கழித்த பிறகு எழுதக் கூடாது. பாரத்தில் 'பெண்டாப்பாத்தான் காசார்' என்று கேட்டிருந்தால் அது கழிவுக்கு முந்தைய மொத்தத் தொகை. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் கைக்கு வரும் தொகையை எழுதி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

அம்மாவின் வருமானத்தைப் போன மனுவில் 'இல்லை' என்று போட்டீர்களா? பல வீடுகளில் அப்படித்தான் போடுகிறோம். அது வேலையா என்ன, கைச்செலவுக்குத்தானே என்ற எண்ணம். ஆனால் அதே வீட்டின் எஸ்.டி.ஆர் (அரசாங்க ரொக்க உதவி) மனுவில் அம்மா 'சிறு வியாபாரம்' என்று பதிந்திருப்பார். இரண்டு அரசாங்கப் பாரங்களில் இரண்டு கதை இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். வியாபாரத்தில் விற்பனைத் தொகையை எழுத வேண்டியதில்லை. பொருள் செலவு போக மிஞ்சுவதை எழுதினால் போதும். நாளைக்கு 40 பொட்டலம், ஒன்று 2 வெள்ளி என்றால் விற்பனை 80. அரிசி, தேங்காய், நெத்திலி, இலை, கேஸ் எல்லாம் 50 என்று வைத்தால் மிச்சம் 30. மாதம் 24 நாளுக்கு 720 வெள்ளி. ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒரு மாதம் எழுதி வைத்தாலே இந்த எண்ணுக்கு ஆதாரம் கிடைத்துவிடும். இப்படி உங்கள் வீட்டு வருமானம் 3,120 வெள்ளி, ஐந்து பேருக்குத் தலைக்கு 624 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். சில அறக்கட்டளைகள் மொத்த வருமானத்தைவிடத் தலைக்கு எவ்வளவு என்பதையே பார்க்கும். ஆகவே தம்பிகளின் பிறப்புப் பத்திர நகலும் பள்ளி உறுதிக் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும். அவை இல்லையென்றால் நீங்கள் மூன்று பேர் குடும்பமாகிவிடுவீர்கள், தலைக்கு 1,040 வெள்ளி என்று கணக்கு ஏறிவிடும்.

முதலாளியிடம் வருமான உறுதிக் கடிதம் கேளுங்கள்: கம்பெனித் தாளில், பதிவு எண்ணுடன், கையெழுத்தும் முத்திரையும் போட்டு. அவர் தரமாட்டேன் என்றால், அல்லது அப்பா பல பேருக்கு ஓட்டுகிறார் என்றால், 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 'அக்குவான் பெர்கானுன்' என்னும் சத்தியப் பிரமாணம் எழுதி, பெசுருஹ்ஜாயா சும்பா எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் அப்பா கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்திட்டுக் கொண்டுபோனால் ஏற்கமாட்டார்கள். அவர் கண்முன் போட வேண்டும், ஐ.சி (அடையாள அட்டை) கையில் இருக்க வேண்டும். அதில் பொய்யான தொகை எழுதுவது குற்றம் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நகல்களில் 'சாலினான் டிசாக்கான் பெனார்' (அசலோடு ஒத்த நகல்) முத்திரை கேட்டிருந்தால், யார் சான்றளிக்கலாம் என்பதையும் பாரத்திலேயே பாருங்கள். பள்ளித் தலைமையாசிரியரை ஏற்கும் இடமும் உண்டு, குறிப்பிட்ட தர அரசாங்க அதிகாரியை மட்டுமே ஏற்கும் இடமும் உண்டு.

எஸ்.டி.ஆர் ஒப்புதலையும் அச்செடுத்து வையுங்கள். குடும்பங்களுக்கான அதன் வருமான உச்ச வரம்பு மாதம் 5,000 வெள்ளி. உங்கள் வீடு அதற்குள் வருகிறது. அப்பா மனு செய்யாமலே விட்டிருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். பி.டி.பி.டி.என் தொகை அதோடு சம்பந்தப்பட்டது: அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைக்கு உச்சத் தொகை, மற்றவர்களுக்கு வருமானத்துக்கேற்பக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் எந்தத் தொகை ஒப்புதலானது என்று எடுத்துப் பாருங்கள். உச்சத்தைவிடக் குறைவாக இருந்து, வீடு இப்போது உதவி பெறுகிறதென்றால், கடன் தொகையைக் கூட்டித் தரக் கேட்கலாம். வார இறுதி வேலையின் ஒரு பகுதியை அதுவே ஈடுகட்டக்கூடும்.

கடனை நிறுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உபகாரச் சம்பளத்தின் ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் பணம் வங்கியில் ஏறும் வரை பி.டி.பி.டி.என்னைத் தொடாதீர்கள். 'நேர்முகத்துக்கு அழைத்துவிட்டார்கள், கிடைத்துவிடும்' என்று கடனை ரத்து செய்துவிட்டு இரண்டும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. கிடைத்த பிறகு ஒப்பந்தத்தில் 'தாஜாஆன் பெர்காண்டா', அதாவது இரட்டை நிதியுதவி பற்றிய விதியைத் தேடிப் படியுங்கள். முழு உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டே அதே படிப்புக்குக் கல்விக் கடனும் வாங்க முடியாது. அப்போது மீதிக் கடனை நிறுத்தக் கடிதம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிய தொகை உங்கள் பெயரில் கடனாகவே இருக்கும். ஒரே தடவை கொடுக்கப்படும் உதவி வேறு வகை. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்குத் தரும் கல்வி நிதி அப்படிப்பட்டது. அரசாங்கத்தின் இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா, இந்திய மாணவர்களுக்கு அவ்வப்போது அறிவிக்கும் உதவிகளும் அப்படித்தான். இவை பொதுவாகக் கடனோடு மோதுவதில்லை, ஆனாலும் பாரத்தில் 'வேறு உதவி பெறுகிறீர்களா' என்ற கேள்விக்கு ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

பி.டி.பி.டி.என் கடனைக் கண்டு அதிகம் பயப்படவும் வேண்டாம். அதன் ஊஜ்ரா எனப்படும் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. உறவினரிடமோ கடன் கொடுக்கும் கடைக்காரரிடமோ வாங்கும் எந்தப் பணமும் அந்த விலைக்குக் கிடைக்காது. முதல் வகுப்பில் தேறினால் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு கேட்கவும் வழி இருக்கிறது. ஆனால் விலக்கு தானாக வராது. பட்டமளிப்புக்குப் பிறகு காலக்கெடுவுக்குள் நீங்களே மனு செய்ய வேண்டும். அதன் வருமான நிபந்தனைகள் வரவுசெலவுத் திட்டங்களோடு மாறி வந்திருக்கின்றன, ஆகவே இறுதியாண்டில் மறுபடி பாருங்கள்.

எங்கே மனு செய்யலாம்? துங்கு அப்துல் ரஹ்மான் அறக்கட்டளை 1966-இல் தொடங்கியது, பொதுப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. குவோக் அறக்கட்டளையும் இன வேறுபாடின்றித் தருகிறது. ம.இ.கா கட்சியின் கல்வி நிறுவனமான எம்.ஐ.இ.டி கல்விக் கடன் தருகிறது. அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும், பி.டி.பி.டி.என் இருக்கும்போது உங்களுக்குத் தேவையில்லை. மாரா என்னும் அரசாங்க அமைப்பின் உதவி பூமிபுத்ரா (மலாய், பூர்வகுடி) மாணவர்களுக்கானது, அதில் நேரம் போக்க வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: பல அறக்கட்டளைகள் முதலாண்டு மாணவர்களையோ, குறிப்பிட்ட செமஸ்டர்கள் மீதமுள்ளவர்களையோ மட்டுமே எடுக்கும். நீங்கள் இரண்டாம் ஆண்டின் நடுவில் இருக்கிறீர்கள். மனுவை நிரப்ப உட்காரும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பதிலே வராத அந்த இரண்டு மனுக்களின் தகுதி விதிகளையும் இதே கண்ணோடு திரும்பப் பாருங்கள்.

இனிப் புள்ளி. நான்கு ஆண்டுப் படிப்பு, செமஸ்டருக்கு 16 கிரெடிட், மொத்தம் 128 என்று எடுத்துக்கொள்கிறேன். 3.60-இல் 32 கிரெடிட், 2.90-இல் 16 கிரெடிட். இப்போதைய மொத்தச் சராசரி 3.37. பல பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பின் எல்லையாக இருக்கும் 3.67-ஐ எட்ட, மீதி 80 கிரெடிட்டிலும் சராசரி 3.85 வேண்டும். கடினம், ஆனால் கதவு இன்னும் மூடவில்லை. 3.50 போதும் என்றால் இனி 3.58 எடுத்தால் போதும், அதை நீங்கள் ஏற்கெனவே இரண்டு முறை தாண்டியிருக்கிறீர்கள். இன்னொரு 2.90 வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: மொத்தம் 3.25-க்கு இறங்கும், அதன் பிறகு மீதியெல்லாம் 4.00 எடுத்தாலும் 3.63-தான். முதல் வகுப்பு அந்த ஒரு செமஸ்டரில் கைவிட்டுப் போய்விடும். கடையில் வரும் பணத்தின் உண்மையான விலை இதுதான். வாரம் 16 மணி நேரம், 7 வெள்ளி வீதம் 112 வெள்ளி. (2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 17 சென். பகுதிநேர வேலைக்கும் அது பொருந்தும். உங்களுக்கு வாரம் 18 வெள்ளி 72 சென் குறைவாகத் தருகிறார்கள். முதலில் முதலாளியிடமே கேளுங்கள். சரிவராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.) வேலையை உடனே விட முடியாது என்பது புரிகிறது. சனிக்கிழமை மட்டும் என்று 8 மணி நேரமாகக் குறைத்து, மீதியை வேறு வழியில் நிரப்பப் பாருங்கள்.

அந்த வேறு வழிகளில் முதலாவது, நீங்கள் வெட்கப்படும் அந்த அலுவலகம்தான். மாணவர் விவகாரப் பிரிவின் நல நிதி உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒதுக்கப்பட்ட பணம். கேட்க ஆளில்லாவிட்டால் அது அப்படியே கிடக்கும். போகும்போது 'கஷ்டமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்னிருக்கும் அதிகாரிக்குப் பாரத்தில் நிரப்ப ஒரு தொகை வேண்டும். 'இந்த செமஸ்டரில் விடுதிக் கட்டணத்தில் இவ்வளவு பாக்கி, வாரச் சாப்பாட்டுக்கு இவ்வளவு குறைகிறது' என்று எண்ணோடு சொல்லுங்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அவசர நிதி உண்டா, கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா, வளாகத்துக்குள்ளேயே மாணவர்களுக்கு மணிக்கணக்கு வேலை உண்டா. நூலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ கிடைக்கும் வேலை வகுப்பு அட்டவணையை மதிக்கும், பஸ் செலவும் இல்லை. வளாகத்தில் உணவு வங்கி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். கட்டண பாக்கியைச் சொல்லாமல் வைத்திருந்தால் பாடப் பதிவோ தேர்வு முடிவோ முடங்கும் நிலை வரலாம். முன்கூட்டியே போய்ச் சொன்னவருக்கு ஒத்திவைப்புக் கிடைக்கும், முடங்கிய பிறகு போனால் ஒவ்வொரு மேசையாக அலைய வேண்டியிருக்கும். புள்ளி இறங்கியதும் தூக்கம் போய்விட்டது என்றும் எழுதியிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அப்படியிருந்தால் கவுன்சிலரிடமும் பேசுங்கள். பல்கலைக்கழகக் கவுன்சிலர்கள் 1998-ஆம் ஆண்டு கவுன்சிலர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர்கள், நீங்கள் பேசுவதை இரகசியமாக வைக்கும் கடமை அவர்களுக்கு உண்டு.

ஆராய்ச்சிக்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சி முறையில் முதுகலை படிப்பவர் பலர் மேற்பார்வை விரிவுரையாளரின் ஆராய்ச்சி மானியத்திலிருந்து மாத உதவித்தொகை பெறுகிறார்கள். இதை 'ஜி.ஆர்.ஏ' (பட்டதாரி ஆராய்ச்சி உதவியாளர்) என்பார்கள். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ் (அடிப்படை ஆராய்ச்சி மானியத் திட்டம்) போன்ற மானியங்களில் ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்குவதும் திட்டத்தின் எதிர்பார்ப்புகளில் ஒன்று. ஆகவே நல்ல மாணவர் அவர்களுக்கும் தேவை. பினாங்கிலேயே இருக்கும் கிரெஸ்ட் நிறுவனம் மின், மின்னணுத் துறையில் பல்கலைக்கழகத்தையும் தொழிற்சாலைகளையும் இணைத்து ஆராய்ச்சிக்கு நிதி தருகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேதியியல் அறிந்தவர் வேண்டியிருக்கிறார்கள். படிப்பை முடித்ததும் தொழிற்சாலையா ஆராய்ச்சியா என்று இப்போதே கட்சி கட்ட வேண்டியதில்லை. எம்.கியூ.ஏ (மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம்) விதிப்படி ஆராய்ச்சி முதுகலைக்குப் பொதுவான தகுதி 2.75, அதில் நீங்கள் நன்றாகவே தேறிவிடுவீர்கள். 3.67-க்கு மேல் எடுத்தவர் முதுகலை இல்லாமலே நேரடியாக முனைவர் படிப்புக்கு மனு செய்யவும், பல்கலைக்கழக செனட்டின் ஒப்புதலோடு, இடமுண்டு. ஜி.ஆர்.ஏ ஒப்புக்கொள்ளும் முன் கேட்டே ஆக வேண்டியது: மானியம் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது? மானியம் முடிந்தால் உதவித்தொகையும் நிற்கும். 10 மாதமே மீதமுள்ள மானியத்தில் இரண்டு வருடப் படிப்பைத் தொடங்கி நடுவில் தவிப்பவர்கள் உண்டு. படிப்புக் கட்டணமும் அதில் அடக்கமா, பணம் மாதாமாதம் வருகிறதா, தாமதமாக வருகிறதா என்பதை அதே ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அக்காமார், அண்ணன்மாரிடம் கேளுங்கள். அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

இப்போதைக்கு, அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன் இரண்டு விரிவுரையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்புவது உடனே தெரிந்துவிடும். அவருடைய சமீபத்திய கட்டுரை இரண்டின் முன்னுரையையாவது படித்து, அதில் புரியாத ஒன்றைக் கேள்வியாகக் கேளுங்கள். உங்கள் தேர்வு முடிவுத் தாளை இணையுங்கள், 2.90-ஐ மறைக்க வேண்டாம். 'விடுமுறையில் ஆறு வாரம் ஆய்வுக்கூடத்தில் உதவ விரும்புகிறேன், உங்கள் மானியத்தில் பகுதிநேர உதவியாளருக்கு இடமுண்டா' என்று நேராக எழுதுங்கள். பணம் இல்லை என்றாலும் அங்கே இரண்டு வாரம் இருந்து பாருங்கள். இறுதியாண்டு ஆய்வுக்கான மேற்பார்வையாளர் அப்படித்தான் அமைவார். உபகாரச் சம்பளப் பாரத்தில் பரிந்துரை எழுதவும் உங்களைத் தெரிந்த ஒருவர் கிடைப்பார். பரிந்துரை கேட்கும்போது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

ஒரு வருடம் நிறுத்துவது பற்றி: இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும், சிலவற்றுக்கு முந்தைய பாடம் கட்டாயம். ஆகவே ஒரு செமஸ்டர் விட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகலாம். தள்ளிவைத்த செமஸ்டருக்குப் பி.டி.பி.டி.என் பணம் வராது, விடுதி இடமும் போய்விடலாம். வீட்டில் நிலைமை முற்றி வேறு வழியே இல்லையென்றால், வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். 'தாங்கூ பெங்காஜியான்' என்னும் படிப்பைத் தள்ளிவைக்கும் பாரத்தைப் பல்கலைக்கழகக் காலெண்டரில் குறித்த வாரத்துக்குள் கொடுத்து, ஒப்புதல் கடிதத்தை எழுத்தில் வாங்கி, அதன் நகலைப் பி.டி.பி.டி.என்னுக்கும் அனுப்புங்கள். கடிதம் இல்லாமல் நின்றால் தேர்வுக்கு வராத பாடங்களெல்லாம் தோல்வியாகப் பதிவாகும், அந்தப் புள்ளியைத் தூக்கிச் சுமப்பது மிகக் கடினம்.

இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது ஒரு கோப்பு வாங்கிக்கொண்டு போங்கள். அப்பாவின் ஈ.பி.எஃப் அறிக்கை, ஆறு மாத டிரிப் கணக்கு, அம்மாவின் நோட்டு, எஸ்.டி.ஆர் ஒப்புதல், எல்லார் ஐ.சி நகல், தம்பிகளின் பிறப்புப் பத்திரம். இத்தனையும் ஒரே இடத்தில் சேரட்டும். எல்லாப் பாரத்திலும் ஒரே எண்ணையே எழுதுங்கள். சத்தியப் பிரமாணம் வேண்டியிருந்தால், அப்பா லோரி எடுக்காத ஒரு காலையைக் கேட்டு வைத்து நீங்களும் கூடப் போங்கள்.